உப்பு விளம்பரத்துக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

2005இல் மரக்காணம் கேபிள் சேனலில் எனக்கு ‘நிகழ்ச்சி இயக்குநர்’ பதவி. அங்கே கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கிடைத்த பதவி. சேனலின் நட்சத்திரம், மாலையில் நேயர்களோடு போனில் பேசிப் பாட்டுப் போடும் அக்கா. ஒரு கடையில் புடவை எடுத்ததாக அவர் சொன்னால் போதும், மறுநாள் பிரம்மதேசம் கிராமத்திலிருந்துகூட அந்தக் கடைக்குப் பெண்கள் பஸ் ஏறுவார்கள்.

இதைக் கவனித்த உப்பள முதலாளி ஒருவர், தன் புது பாக்கெட் உப்புக்கு அக்காவை வைத்து விளம்பரம் எடுக்கச் சொன்னார். அக்கா உப்பள வரப்பில் நடந்து வந்து, ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் வைத்துச் சிரிக்க வேண்டும். பின்னணியில், அந்த மாதம் ஊரே முணுமுணுத்த சினிமாப் பாட்டு. அதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டாமா என்றார் அக்கா.

“காசு குடுத்து சிடி வாங்கியிருக்கோம்ல, அப்புறம் என்னா அனுமதி?” என்றார் முதலாளி.

அந்த சிடியைப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கியவன் நான். ஒரே சிடியில் பத்துப் படப் பாட்டு. அப்பேர்ப்பட்ட ஆதாரம் கையில் இருக்கும்போது எனக்கென்ன பயம்? ஆனாலும் நேர்மையானவன் இல்லையா, விளம்பரத்தின் அடியில் படத்தின் பெயரையும் பாட்டு கம்பெனியின் பெயரையும் போட்டு ‘நன்றி’ சொல்லியிருந்தேன்.

விளம்பரம் பிய்த்துக்கொண்டு போனது. பூரித்துப்போன முதலாளி புதுச்சேரி சேனல் ஒன்றுக்கும் அதைக் கொடுத்தார். அங்கே யார் கண்ணில் பட்டதோ, மூன்றாவது வாரம் பாட்டு கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முதலாளிக்கு ஒன்று, சேனலுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. எனக்கு இல்லை. இயக்குநர் என்று ஒருவர் இருப்பது மெட்ராஸில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதலாளி, தான் உப்பு விற்பவன், பாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். சேனல்காரர், தான் ஒயர் இழுப்பவன் என்றார். நானோ சொன்னதைச் செய்தவன். நோட்டீஸை முழுதாகப் படித்தவர் அக்கா மட்டும்தான். வாத்தியார் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் என்று தெரு முழுக்கப் பேச்சு. அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு நாள் அக்கா நிகழ்ச்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எங்களைத் திண்டிவனத்து வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போனார்.

வக்கீல் விளம்பரத்தைப் போட்டுப் பார்த்தார். வீட்டில் பாட்டுக் கேட்பது வேறு, அதை வைத்துச் சரக்கு விற்பது வேறு என்றார். பிறகு என் ‘நன்றி’யின்மேல் விரலை வைத்தார்.

“இதை எழுதுனது யாரு?”

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“யாரு பாட்டுன்னு தெரிஞ்சேதான் எடுத்தோம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. அவங்களுக்கு வேற சாட்சி வேணாம்.”

விளம்பரத்தை நிறுத்தினோம். மன்னிப்புக் கடிதமும், இனிமேல் செய்ய மாட்டோம் என்ற உறுதியும் அனுப்பினோம். கம்பெனி அதோடு விட்டது. ஆனால் எழுத்தில் அனுமதி இல்லாமல் காமிரா முன் நிற்கப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். ஆகவே விளம்பரத்தை மறுபடி எடுக்க, மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவரிடம் புதிதாக ஒரு மெட்டு கேட்டோம். போட்டுக் கொடுத்தார். கூடவே, இந்த உப்புக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

“நம்ம ஊர்க்காரரு, இவருக்கும் பேப்பரா?” என்று முனகினார் முதலாளி.

“கையெழுத்துப் போடுங்கண்ணே,” என்றார் அக்கா. “நான் தெருவுல தலைகுனிஞ்சு நடந்தது போதும்.”

போட்டார்.

சில மாதம் கழித்து, கோட்டக்குப்பம் பக்கம் ஒரு செருப்புக்கடை அதே மெட்டை ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போட ஆரம்பித்தது. முதலாளி கொதித்துப்போய் வந்தார். அடுத்தவன் சொத்தை இப்படியா எடுப்பான், கேஸ் போட்டே தீரவேண்டும் என்றார். அது நம் சொத்தில்லை, கீபோர்டுக்காரருடையது, நமக்கு ஒரு வருஷ அனுமதிதான் என்றேன். அந்தப் பதவியில் இருந்தவரை நான் சரியாகச் சொன்ன ஒரே சட்ட விஷயம் அதுதான்.

முதலாளி உடனே, கீபோர்டுக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, செருப்புக்கடைக்கு மரியாதையாக ஒரு பக்கக் கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் அவர்கள் மெட்டை நிறுத்திவிட்டார்கள்.