மேடம் சொன்ன பிறகும் ஒரு போன்

மேடம் சொன்ன பிறகும் நான் ஒரு போன் போடுவேன். லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று பொறியாளர் சொன்னால் லைன்மேன் கம்பத்தில் ஏற வேண்டும். இருபது வருஷமாக ஆண்கள் சொன்னார்கள், ஏறினேன். ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. திண்டிவனத்துக்கு அந்தப் பெண் உதவிப் பொறியாளராக வந்ததும் எனக்குத் திடீரென்று உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. அவர் எதிரிலேயே துணை மின்நிலையத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, நெஜமாவே ஆஃப்பா?" என்பேன். "பாப்பா சொன்னா கரண்டு கேக்குமாண்ணே?" என்று கூட இருப்பவன் சிரிப்பான். அவர் காதில் விழும். விழட்டும் என்றுதான் பேசுவோம். அவர் குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம். லைன் ஆஃப் என்று யார் சொன்னாலும், அவரே சொன்னாலும், எர்த் ராடு போடாமல் ஏற விடமாட்டார். அது நீளமான கழி. கீழே நின்றே அதன் கொக்கியைக் கம்பியில் மாட்டினால் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். விழுப்புரத்தில் இருந்தபோது அதை வண்டியிலேயே போட்டுவிட்டு எத்தனையோ நாள் ஏறியிருக்கிறேன்.

ஒருநாள் காலை, சாலையோரம் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் வேலை. மேடம் வரும்வரை காத்திருக்க மனமில்லை. நானே ஆபரேட்டரைக் கேட்டேன். "ஆஃப் பண்ணிட்டேன், ஏறுண்ணே" என்றான். ஏணியில் நாலு படி ஏறியபோது ஜீப் வந்து நின்றது.

"அண்ணே, எறங்குங்க. ராடு எங்க?"

"ஆபரேட்டரே சொல்லிட்டான் மேடம். சும்மா பேஜாரு பண்ணிக்கினு..."

"எறங்குங்க."

முறைத்துக்கொண்டே இறங்கி, ராடை எடுத்துக் கொக்கியைக் கம்பியில் வைத்தேன். வெடித்தது. கண்ணெல்லாம் நீல வெளிச்சம். மறுபடி பார்வை வந்தபோது மல்லாட்டைச் செடிமேல் உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டர் நிறுத்தியிருந்தது பக்கத்து லைனை.

மேடம் திட்டவில்லை. என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

டீக்கடையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "எப்பிடிண்ணே தப்பிச்ச?"

"கொலசாமி காப்பாத்திச்சு" என்றேன். இரண்டடி தள்ளி மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அதையே சொன்னேன். அடுத்த மாதம் கோயிலில் கிடா வெட்டிச் சோறு போட்டேன். ஆபீஸ் முழுக்க அழைத்தேன், மேடத்தையும்தான். இன்று நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. அவர் வந்தார், பந்தியில் உட்கார்ந்தார். நான் எதிரில் போய் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"நல்ல சாமிதாங்கண்ணே உங்களுக்கு" என்றார் மேடம், இலையைப் பார்த்தபடி.

அவருக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வைக்கச் சொன்னேன்.