ஏழுன்னு எழுதின பிள்ளை

எங்க காலேஜ் கணக்கு லேப்ல மொத்தம் பன்னிரண்டு கம்ப்யூட்டர். அதுல ரெண்டு எப்பவும் படுத்தே கிடக்கும். மிச்சம் பத்துக்கு அறுபது பிள்ளைக, பத்துப் பத்துப் பேராத்தான் உக்கார வைக்கணும். ரெண்டாயிரத்துக்குப் பிறகு சிலபஸை மாத்தி, கால்குலஸை சாஃப்ட்வேர்ல போடச் சொல்லிட்டாங்க. எனக்கே அது புதுசு. விருதுநகர்ல மிளகாய் மண்டிக்குப் பின்னால எங்க வீடு. காலையில தும்மிக்கிட்டே கிளம்பி, பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, லேப் கதவைத் திறக்கும்போதே எனக்கு அன்னிக்குள்ள தெம்பு பாதி தீர்ந்திருக்கும்.

அந்த சாஃப்ட்வேர் எக்ஸை எக்ஸாவே வச்சுக்கிட்டு வகையிடும். நாம காகிதத்துல அரைமணி நேரம் போடுறதை ஒரு நொடியில துப்பிரும். ஒரு கமா தப்பினா மட்டும் சிவப்பா எதையோ எழுதிட்டு நின்னுக்கிடும். பிள்ளைக பத்துப் பேரும் ஒரே நேரத்துல "மேடம், மேடம்"னு கூப்பிடுவாக. மூணு வருஷத்துல எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே தலை வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

அதனால நான் ஒரு தாள் தயார் பண்ணினேன். திசை வகைக்கெழு கணக்குக்கு வரிசையா என்னென்ன அடிக்கணும்னு அதுல இருக்கும். எண்ணை மட்டும் மாத்திக்கிட்டு அப்படியே அடிக்க வேண்டியதுதான். வருஷா வருஷம் பழைய ஜெராக்ஸையே குடுத்து இன்னொரு ஜெராக்ஸ் எடுப்பேன். யோசிக்காம கணக்குப் போட நானே வழி பண்ணிக் குடுத்தேன்னு சொல்லலாம். அப்ப அது தோணல, அமைதியா இருந்தாச் சரின்னு இருந்துச்சு.

அந்த வருஷம் வகுப்புல நாரணாபுரத்துப் பிள்ளை ஒருத்தி. அவளோட அம்மா பட்டாசுக் கம்பெனியில வேலை. தீபாவளிக்கு முந்தின ஒன்றரை மாசம் பிள்ளையும் காலேஜ் பக்கமே வரல. ஏன்னு கேட்டதுக்கு, "சீசன் மேடம்"னா. எனக்குக் கோவம் வந்துச்சு. உன் சீசனுக்காக நான் திரும்ப ஒருக்கா பாடம் நடத்த முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். தாளும் குடுக்கல, அவளும் கேக்கல.

பண்டிகை முடிஞ்ச கையோட உள்தேர்வு. ஒரே கணக்குதான். கம்ப்யூட்டர்ல போட்டு, அடிச்ச வரிகளையும் விடையையும் காகிதத்துல எழுதித் தரணும். நான் காலையிலேயே என் தாளை வச்சு அடிச்சுப் பார்த்து, விடை இருபத்தொண்ணுன்னு குறிச்சு வச்சிருந்தேன். அம்பத்தொன்பது பேர் இருபத்தொண்ணு எழுதியிருந்தாங்க. நாரணாபுரத்துப் பிள்ளை மட்டும் ஏழு. வரியெல்லாம் வேற மாதிரி எழுதியிருந்தா. நான் எதையும் வாசிக்கல. விடையை மட்டும் பார்த்துட்டு, தாள் முழுக்க மூலைக்கு மூலை ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டேன்.

திருத்தின தாளைக் குடுத்த அன்னிக்கு அவ எங்கிட்ட வந்தா. "மேடம், நீளத்தால வகுக்கணும்ல?"

"அம்பத்தொன்பது பேருக்கு ஒரே விடை வருது. உனக்கு மட்டும் தனியா வேற கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தாகளா?"

பக்கத்துல நின்ன பிள்ளைக சிரிச்சிட்டாக. அவ தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா. எங்க காலேஜ்ல உள்தேர்வுத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வரணும். மறுநாள் அவளும் வாங்கிட்டு வந்து மேசையில வச்சா. அதுக்கப்புறம் அவ வரல. வகுப்புல பிள்ளைககிட்டக் கேட்டேன். "அவளை நிப்பாட்டிட்டாக மேடம், கம்பெனிக்குப் போறா"ன்னாங்க. நான் வருகைப் பதிவேட்டுல இன்னொரு 'ஏ' போட்டுட்டு அடுத்த பேரை வாசிச்சேன்.

பத்து நாள் கழிச்சு இன்னொரு வகுப்புக்கு அதே கணக்கைக் காட்டிக்கிட்டிருந்தேன். கரண்ட் போயிருச்சு. பகல்ல ரெண்டு மணி நேரம் போறது அப்ப வாடிக்கைதான். சும்மா இருந்தா பிள்ளைக கத்துமேன்னு சாக்பீஸை எடுத்து போர்டுல கையாலயே போட்டேன். ஏழு வந்துச்சு. அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். அப்பவும் ஏழுதான்.

கணக்கு இதுதான்: ஒரு மேட்டுல நிக்கிறோம், குறிப்பிட்ட திசையில ஒரு தப்படிக்கு எம்புட்டு ஏறுதுன்னு கேக்குறாங்க. திசைக்காகக் குடுத்திருக்கிற அம்போட நீளம் மூணு. அப்ப மூணால வகுத்தாத்தான் ஒரு தப்படிக்குண்டானது வரும். வகுக்காம விட்டா மூணு தப்படிக்குண்டானதுதான் வரும். சாஃப்ட்வேர் அதையெல்லாம் கேக்காது. நீ அடிச்சதுக்கு விடை இந்தான்னு குடுத்துட்டுப் போயிரும்.

பையில இருந்து என் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வருஷம் நான் எழுதினதுல வகுக்கிற வரி கடைசியா இருந்துச்சு. ஜெராக்ஸுக்கு மேல ஜெராக்ஸ் எடுத்ததுல எந்த வருஷமோ அந்த வரி பக்கத்தோட அடியில வெட்டுப்பட்டுப் போச்சு. அதை வச்சுத்தான் பிள்ளைக அடிச்சாங்க, அதை வச்சுத்தான் நானும் விடை குறிச்சேன். தாளே கிடைக்காதவ மட்டும் புத்தகத்தைப் படிச்சு, யோசிச்சு, சரியா அடிச்சிருக்கா. எனக்கு வெக்கமா இருந்துச்சு. எம்.எஸ்ஸி படிச்சவ நான். வகுக்கணும்லன்னு அவ வாய்விட்டுக் கேட்டும் எனக்கு உறைக்கல.

துறைத் தலைவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "அந்தப் பொண்ணுக்கு மட்டும் மார்க்கைத் திருத்திருங்கம்மா. மத்ததைக் கிளறாதீங்க." மறுநாள் அவ வகுப்புல தப்பு என்னுதுன்னு சொல்லி, சரியான கணக்கை போர்டுல போட்டேன். அம்பத்தொன்பது தாளைத் திரும்பத் திருத்த எனக்கும் தெம்பு இல்ல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவ தாளைப் பையில வச்சுக்கிட்டு நாரணாபுரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசல்ல அம்மாவும் மகளும் வெடிக்குண்டான காகிதக் குழாய் உருட்டிக்கிட்டிருந்தாங்க. பிள்ளை என்னைப் பார்த்ததும் எந்திரிச்சிட்டா. அவ அம்மா கை உருட்டுறதை நிறுத்தல. "வாங்க டீச்சர், உக்காருங்க"ன்னு முக்காலியைக் காலாலயே நகர்த்தி விட்டாங்க.

நான் விஷயத்தைச் சொன்னேன். உன் விடைதான் சரி, நாந்தான் தப்புன்னு பிள்ளைகிட்டயும் சொன்னேன்.

"தெரியும் மேடம்"னா.

"தெரிஞ்சா ஏன் அப்பவே சண்டை போடல?"

"நீங்க ரெம்ப அசந்து போயிருந்தீக மேடம்."

அவ அம்மா உருட்டிக்கிட்டே பேசினாங்க. "எல்லாப் பிள்ளையும் பாஸு, இவ ஒருத்திதான் இல்லைன்னு இவளே வந்து சொன்னா. எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். ஆனா அந்தச் செவப்புக் கோடு தெரியும்ல. படிப்பு வராத பிள்ளைய எதுக்கு அம்புட்டுத் தூரம் விடணும்னு நிப்பாட்டிட்டேன்."

தாளை எடுத்துக் குடுத்தேன். அவங்க கையைச் சேலையில ரெண்டு தடவை துடைச்சுட்டு வாங்கினாங்க. "கோடு அப்படியேதான இருக்கு"ன்னாங்க. வாஸ்தவம்தான். பதிவேட்டுல மார்க்கை மாத்தின நான் தாளை மாத்தல. பேனாவை எடுத்து, பெருக்கல் குறியை அடிச்சுட்டு, பக்கத்துல பெருசா ஒரு சரி போட்டேன்.

அவங்க விரலைக் கீழ கொண்டுபோனாங்க. அங்க அவங்க கையெழுத்து இருந்துச்சு. சாயங்கால வகுப்புல கத்துக்கிட்ட கையெழுத்தாம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா, அழுத்தி எழுதினதுல காகிதமே பள்ளமாகியிருந்துச்சு. "தப்புன்னதுக்கு எங்கிட்டக் கையெளுத்து வாங்கினீகல்ல, இப்ப நீங்க போடுங்க"ன்னாங்க.

அதுக்குக் கீழ, தினமும் போடுற மாதிரி, ஒரு சுழிப்புச் சுழிச்சேன். அவங்க குனிஞ்சு பார்த்தாங்க.

"இம்புட்டுத்தானா டீச்சர்? நான் முளுப்பேரும் எளுதியிருக்கேனே."

மூடின பேனாவைத் திரும்பத் திறந்தேன். அவங்க பேருக்கு நேர் கீழ, என் அத்தா பேரோட முதல் எழுத்துல ஆரம்பிச்சு, என் பேரை எழுத்தெழுத்தா முழுசா எழுதினேன். அவங்க அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்துட்டு மகள் பக்கம் திரும்பினாங்க. "நாளைக்கு பஸ்ஸுக்கு நேரத்தோட கெளம்பு"ன்னாங்க.