மலிண்டா ப்ரூயிட்டின் கல்

ஓபல் ஹென்சா முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் "பின்னல் வேலை பழகேன்" என்றார்கள் பிள்ளைகள். அவளோ ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பழைய இடுகாட்டுக்குப் போனாள். மிசூரியின் அந்தப் பக்கம் முதன்முதலில் காடு திருத்திக் குடியேறியவர்கள் அடங்கிய இடம் அது. பேர் வெட்டிய கல்லுக்கு வழியில்லாதவர்கள், வயலில் கிடைத்த கல்லைத் தலைமாட்டில் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பல கற்கள் சாய்ந்து புல்லுக்குள் மறைந்துவிட்டன. கம்பி பொதுக்கென்று இறங்கினால் அங்கே ஒரு காலத்தில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; அந்த இடத்தில் ஓபல் ஒரு சின்னக் கொடி நடுவாள்.

பக்கத்து நிலத்துக்கார டெல்மர் ப்ரூயிட் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். தினமும் மத்தியானம் சிடார் மரத்தடியில் ஒரு வெள்ளைக் கல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவளைச் சீண்டுவான்.

"குத்திக் குத்தி எழுப்பிடாதே ஓபல். எழுந்து வந்தா நான்தான் பக்கத்து வீடு!"

"வரட்டும். எனக்கும் உருப்படியாப் பேச ஆள் கிடைக்கும்."

ஏப்ரலில், அவள் வேலையைக் கேள்விப்பட்டு, ஓரிகனிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நோரீன் ப்ரூயிட் என்ற பெண், தங்கள் குடும்ப பைபிளில் எழுதியிருந்ததை நகலெடுத்து அனுப்பியிருந்தாள்: 'அம்மா மலிண்டாவை சிடார் மரத்திலிருந்து மூன்றாவதாக, வெள்ளைக் கல்லின் கீழ் வைத்தோம். 1861.'

ஓபல் மரத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது இடத்தில் டெல்மர் வாய் நிறைய ரொட்டியோடு இருந்தான்.

"டெல்மர், எந்திரி."

"சாப்பிட்டு முடிச்சிடறேனே."

"அடப்பாவி, உன் எள்ளுப்பாட்டி மேல உக்காந்திருக்கே!"

தேள் கொட்டியவன்போல் துள்ளி எழுந்தான். இருவரும் மூச்சுப் பிடித்துக் கல்லைப் புரட்டினார்கள். மண்ணைத் துடைத்ததும், ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரிந்தன: எம், பி. மலிண்டா ப்ரூயிட்டின் ஆங்கில முதலெழுத்துகள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். பிறகு மெதுவாக, "நாப்பது வருஷம் ஓபல். ஒரு தடவைகூட அவங்க கோவிச்சுக்கலையே!" என்றான்.

ஓபலுக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று, ஓரிகனிலிருந்தும் டெக்ஸஸிலிருந்தும் அறுபது ப்ரூயிட்டுகள் வந்து இறங்கினார்கள். கல்லை நிமிர்த்தி நட்டுப் பூ வைத்தார்கள். புல்லின்மேல் நீள மேசைகள் போட்டார்கள். வறுத்த கோழி ஒரு பக்கம், உருளைக்கிழங்கு சாலட் ஒரு பக்கம். தான் உட்கார்ந்த கதையை டெல்மர் ஒருத்தர் விடாமல் சொன்னான். மலிண்டாவின் மூக்கு தங்களில் யாருக்கு வாய்த்திருக்கும் என்று நோரீனும் அவனும் சண்டை போட்டதை, 'ஆப்பிள் பை' என்னும் பழப் பணியாரத்தில் இரண்டாவது துண்டைச் சாப்பிட்டபடி ஓபல் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.