அபிஷா பேசாமல் இருந்த அரை நிமிடம்

ஒரு பெண்பிள்ளை வாய் திறந்து சொன்ன பதிலை வெட்டி எறிந்துவிட்டு, அவள் பதிலே சொல்லவில்லை என்று ஊரை நம்ப வைத்தவன் நான். வேண்டுமென்றே செய்தேன்! இனி நான் எத்தனை சமாதானம் சொன்னாலும் நீங்கள் நம்பாதீர்கள்.

நாகர்கோவிலில் எனக்குப் படத்தொகுப்பு வேலை. கல்யாண வீடியோக்கள்தான் சோறு போடுகின்றன. சென்ற ஆண்டு, பிள்ளைகளும் கைபேசியும் பற்றிய ஓர் ஆவணப்படம் என்னிடம் வந்தது. புதுக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பேச வைத்து எடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அபிஷா. பிளஸ் டூ மாணவி.

வீட்டுக்குத் தெரியாமல் யாரிடமாவது பேசுவதுண்டா என்று இயக்குநர் அவளிடம் கேட்கிறார். அவள் யோசிக்கவே இல்லை.

"போனு அம்மைக்க கையிலல்லா இருக்கு சார். பின்ன நான் யாருகிட்ட பேச?" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் அவளை நம்பவில்லை... இவ்வளவு சட்டென்று வந்தால் அது பழகி வைத்த பதில் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? என் வீட்டிலும் அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் அறைக்குள் போனால் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். அவளிடம் கேட்கத் துணிவில்லாத கேள்விக்கு அபிஷாவின் முகத்தில் விடை தேடினேன். வெட்கக்கேடு!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லோரும் அரை நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். மின்விசிறியின் சத்தம், அந்த அறையின் சத்தம், அதை மட்டும் பதிவு செய்துகொள்வோம். வெட்டிய இடங்கள் தெரியாமல் மறைக்க அது உதவும். கேமரா பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் அபிஷாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள், தலை குனிந்தாள், எச்சில் விழுங்கினாள், ஒரு முறை கதவைப் பார்த்தாள்.

அந்த முகத்தை எடுத்து இயக்குநரின் கேள்விக்குப் பின்னால் ஒட்டினேன். சிரிப்பை அடக்கிய முகம் களவு பிடிபட்ட முகமாகிவிட்டது! இயக்குநர் பார்த்துவிட்டு, இப்போதுதான் படத்துக்கு உயிர் வந்தது என்றார். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்காமல் விட்டாரா...? அவரையும் சந்தேகிப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

படத்தைப் பள்ளியில் போட்டார்கள். அந்தத் துண்டு மட்டும் வாட்ஸ்அப்பில் குவைத் வரை போய், அவளுடைய அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. காலேஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பள்ளிக்கூடத்தோடு போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளுடைய அம்மா பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். பதில் சொன்னேன் என்று மகள் சத்தியம் செய்கிறாளாம். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? மகள் சொல்வது நிஜமென்றால் கணவரிடம் பேசி எப்படியும் படிக்க அனுப்பிவிடுவேன் என்றார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவ ஒண்ணும் மிண்டாம, பேசாம இருந்தாளே... அது உள்ளதா சாரே?"

முழுக் காட்சியும் என் கணினியிலேயே இருந்தது. ஓட்டிக் காட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் விஷயம் வெளியே போனால் இனி யார் என்னிடம் வேலை கொடுப்பார்கள்? நான் பேசுவதை இந்த அம்மா பதிவு செய்கிறாரோ என்றுகூட அவருடைய பையைப் பார்த்தேன்... அப்படிப்பட்டவன் நான்!

"உள்ளதுதாம்மா" என்றேன்.

அரை நிமிடம் அவள் பேசாமல் இருந்தாள்தானே? நான் பொய் சொல்லவில்லையே? எத்தனையோ நாள் எனக்கு நானே இப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுபடவில்லை.

அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவள நல்லா அடிச்சுப்போட்டேன் சாரே. தப்பா அடிச்சிட்டேனோன்னு பயந்துதான் வந்தேன். இப்ப சமாதானமாச்சு."

எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மகளைத்தான் சந்தேகப்பட்டார். என்னை ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை!

கல்லூரிகள் திறந்துவிட்டன. அபிஷா வீட்டில் இருக்கிறாள். அவள் பதில் சொல்லிச் சிரிக்கும் காட்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது... நான் அதை அழிக்கவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.