தண்ணீர் கேட்கப் போகாத வீடு

செவ்வாய்க்கிழமை காலை, ஊருக்குத் தண்ணீர் விட வால்வைத் திறந்துகொண்டிருந்தேன். கோமதியின் அப்பா வந்து டேங்குக்குக் கீழே நின்றார். "கோமதி பூட்டா அண்ணே" என்றார். வால்வை அப்படியே விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். கீழ்த்தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். சாகும்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

நம் பெண்கள் சங்கத்தில் இருந்தவர்களே, இருக்கிறவர்களே, இது உங்களுக்கு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, சுமதி எழுதுகிறாள்.

பஞ்சாயத்து டிவி ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது. டிவி கெட்டுப் பல வருஷம். உள்ளே சிமெண்டு மூட்டைதான் கிடந்தது. பத்தாவது முடித்த கையோடு கோமதி வந்து சாவி கேட்டாள். "இன்னாத்துக்கு?" என்றேன். "பசங்க பஸ் ஸ்டாப்ப புட்ச்சிக்கினாங்க. எங்களுக்கு ஒக்கார எடம் வோணாமா தாத்தா?" என்றாள். சங்கம் பிறந்தது அப்படித்தான். ஞாயிறு சாயங்காலம் கூடினீர்கள். கபடி ஆடினீர்கள், தையல் கற்றீர்கள், உத்திரமேரூருக்குக் காலையில் இன்னொரு பஸ் கேட்டு மனு எழுதினீர்கள்.

பெயர் எழுத நோட்டு வைக்க வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். நோட்டு அகப்பட்டால் வீட்டில் கிழித்துப்போடுவார்கள். பதினெட்டுப் பெயரையும் வரிசையாக எனக்குச் சொல்லி, "தாத்தா மண்டைய எவன் கிழிப்பான்?" என்று சிரித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள்: "யாரு வரல?" சொல்வேன். இரண்டு ஞாயிறு வராதவள் வீட்டுக்கு எல்லோரும் போய்த் தண்ணீர் கேட்பீர்கள். வேறு பேச்சு கிடையாது. அந்தப் பெண்ணே கொண்டுவந்து கொடுக்கும்வரை நிற்பீர்கள்.

சுமதிக்குப் பதினைந்து வயதில் சத்தமில்லாமல் கல்யாணம் பேசினார்கள். நீங்கள் மூன்று நாள் விடாமல் போனீர்கள். "ஊர்ல டேங்க் கட்டி வுட்டது இன்னாத்துக்கு? என் வூட்டுத் தண்ணியில சக்கரையா கீது?" என்று அவள் அப்பா கத்தினார். "சுமதி குடுத்தா இனிக்கும் சித்தப்பா" என்றாள் கோமதி. தெருவே வேடிக்கை பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். இந்த இடத்தில் சுமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்றேன்.

கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் கோமதி ஞாயிறு தவறாமல் வந்தாள். இந்த ஆடியில் மூன்று ஞாயிறு வரவில்லை. வரிசையில் அவள் பெயர் இல்லை. கேட்கிறவள் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். ஆனால் எனக்கு உறைத்தது. "கோமதிய காணமே" என்றேன். "அக்காவுக்குக் குடும்பம் கீது தாத்தா, வருவாங்க" என்றீர்கள். நானும் ஆமாம் என்று ரூமைப் பூட்டினேன். பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

அந்த மூன்று வாரமும் அவள் மஞ்சள் காமாலையில் கிடந்தாள். மாமியார் வீட்டில் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கடைசி நாளில். அவளை எடுத்த அன்று, அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மாள் எனக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

போன ஞாயிறு வரிசையை அவள் பெயரில் தொடங்கினேன். "அக்கா வரல" என்றாள் ஒரு சின்னப் பெண். பழக்கத்தில் நாலைந்து பேர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, அப்படியே நின்றார்கள்.

அந்த வரிசை இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்யாணமாகிப் போனவர்கள் பெயரையும் சேர்த்துவிட்டேன். இனி நான் வருவேன். உங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்பேன். வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுவந்து கொடுங்கள்.