லாம்பெர்ட் என்னும் சாட்சி

லாம்பெர்ட் இறந்த செய்தியை ஸ்டுட்கார்ட்டிலிருந்து அருளப்பு அண்ணைதான் தொலைபேசியில் சொன்னார். "ரீச்சர், உங்கட டச்சுக் கவிஞர் மோசம் போயிட்டார்." என்னுடைய கவிஞர் அல்லர் என்று திருத்தினேன். "சரி, என்ர கவிஞர்" என்றார்.

எண்பதுகளில் ஜெர்மனியின் எல்லை நகரான ஆஹென் அகதி விடுதியில் இருந்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். நெதர்லாந்திலிருந்து எல்லை தாண்டி பஸ்ஸில் வருவார். கவிதையோடு நாவலும் எழுதுபவர். வணக்கம் சொல்வதற்கு முன்னரே குறிப்பேடு வெளியே வந்துவிடும். தம் கவிதைகளை எனக்கு ஆங்கிலத்தில் படித்துக்காட்டினார்: மழை, மேலும் மழை, நடுவில் அவர். "நான் எதையும் கற்பனை செய்வதில்லை, நான் சாட்சி" என்பது அவர் ஓயாமல் சொன்ன வாசகம். கற்பனை இல்லாமையை இவ்வளவு பெருமையாகச் சொன்ன வேறொரு நாவலாசிரியரை நான் சந்திக்கவில்லை.

அந்த விடுதியில் பலருடைய அகதி விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவள் நான். மன்னாரில் தன் தம்பியை இராணுவம் இழுத்துச் சென்றதை, அருளப்பு அண்ணை மாதா கோவில் கூரைக்குள் ஒளிந்திருந்து பார்த்தவர். ஒளித்துவைத்த பங்குச் சுவாமி இன்னும் ஊரில் இருந்தார். அவருக்கு ஆபத்து வரக்கூடாது என்று விண்ணப்பத்தில் கூரையைக் கிணறாக மாற்றினேன். அண்ணை கிணற்றை மனப்பாடம் செய்தார்.

லாம்பெர்ட் மேசைக்கு எதிரே அமர்ந்து பெயர், ஊர், பிறந்த திகதி என்று வரிசையாகக் கேட்டார். அப்படிக் கேட்பவர் எவராயினும் நம்மவர்களுக்கு அதிகாரிதான். அண்ணை கிணற்றை ஒப்புவித்தார்; நான் மொழிபெயர்த்தேன். கவிஞரின் கண்கள் கலங்கின.

"ரீச்சர், இந்தாள் அழுகுது. அப்ப விசா தருவினமோ?"

"இவர் கந்தோர் ஆள் இல்லை அண்ணை. கதை எழுதுறவர்."

"அட, முதலே சொல்லியிருக்கலாமே! உண்மையைச் சொல்லியிருப்பன்."

வேண்டாம் என்றேன். "ஆருக்காவது ஒருக்காச் சொல்லவேணும் ரீச்சர். நீங்கள் சும்மா மொழிபெயருங்கோ" என்று கூரையிலிருந்து கண்டதையெல்லாம் சொன்னார். முன்னது விண்ணப்பத்துக்கான கதை என்பதை லாம்பெர்ட்டிடம் விளக்கி, பெயரையும் ஊரையும் மாற்றும்படி இரண்டு தடவை கேட்டேன். நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

அண்ணையின் கதையை வைத்து லாம்பெர்ட் எழுதிய நாவல் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் வந்தது. பெயர், ஊர், கோவில் கூரை, எதுவும் மாறவில்லை. மாற்றினால் சாட்சியம் மாசுபடும் என்று கருதினாராம். அடுத்த விசாரணையில் அதிகாரி, விண்ணப்பத்துக்கு அருகில் அந்த நூலை வைத்து, இரண்டில் எது பொய் என்று அண்ணையிடம் கேட்டார். இரண்டு வாரத்தில் மறு டெர்மின், அதாவது அடுத்த விசாரணை நாள். அதற்குள் விளக்கம் இல்லையென்றால் கொழும்புக்கு விமானம்.

நகரைவிட்டு வெளியேற எங்களுக்கு அனுமதி இல்லாததால் லாம்பெர்ட்டைத் தொலைபேசியில் அழைத்து விடுதிக்கு வரவழைத்தேன். கூரை தம் கற்பனை என்று எழுதித் தரும்படி கேட்டேன். முழுவதையும் கேட்டபின் அவர் முதலில் சொன்னது: "அப்படியானால் என் புத்தகம்?"

"உங்கள் புத்தகத்தை எவரும் இராணுவத்திடம் திருப்பி அனுப்பப் போவதில்லை" என்றேன். தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். கோழை என்று விடுதி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்.

பத்து நாட்களில் ஒரு கடிதம் வந்தது. அதிகாரிக்கு எழுதியதன் நகல். அதையே தம் நாட்டுப் பத்திரிகை ஒன்றிலும் வெளியிட்டிருந்தார். "கூரைக் காட்சி முழுவதும் என் கற்பனை. அம்மனிதர் என்னிடம் சொன்னது கிணற்றைத்தான். அது எனக்குப் போதிய அழகுடையதாகப் படவில்லை."

அந்த நூலில் உண்மையாக இருந்த ஒரே பகுதி அந்தக் கூரைக் காட்சிதான். அகதியின் துயரத்தில் பொய் கலந்தவர் என்று விமர்சகர்கள் அவரைக் கிழித்தார்கள். இந்த வாரத்து மரணக் குறிப்புகளும் அதை விடவில்லை. அவர் சாகும்வரை மறுக்கவில்லை. அண்ணைக்கு அனுமதி கிடைத்தது. மனைவி பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நான் நன்றி சொல்லவில்லை. பெயரை மாற்றியிருந்தால் இதற்கெல்லாம் தேவையே வந்திராது.

அவருடைய நூல்கள் பதினான்கும் கையொப்பத்துடன் என் அலுமாரியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம். அந்தக் கடிதத்தைத் தரமாட்டேன்.