நடுக்களத்து ஓட்டை

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. அரிமளத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். தேர்வு அறையில் நின்று நின்று, ஒருத்தன் இருமினால்கூட எதற்கு இருமுகிறான் என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது. மாலையில் அறந்தாங்கிக்கு பஸ் ஏறினால் அந்தப் புத்தியும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

என் தங்கையின் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். தங்கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். லேப்டாப்பில் ஆடும் ஒரு கால்பந்து விளையாட்டை எனக்குப் பழக்கியவர் மாப்பிள்ளைதான். அதில் பந்தை நாம் உதைப்பதில்லை. மேலாளராக இருந்து, யார் எங்கே நிற்பது, யார் ஏறிப்போவது என்று திட்டம் போட வேண்டும். ஆட்டம் திரையில் தானாக ஓடும். ஞாயிறு மதியம் அவர் அணியும் என் அணியும் இணையத்தில் மோதும்.

ஆரம்பத்தில் நான்தான் ஜெயித்தேன். தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிற்கும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்தான் என் பலம் என்று நினைத்திருந்தேன். அந்த ஆளுக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆங்கர்' என்று வைத்தால் இடத்தை விட்டு அசையமாட்டான். 'பால் வின்னர்' என்று வைத்தால் பந்து போகும் பக்கமெல்லாம் பாய்ந்து பிடுங்கப் போவான். நான் எப்போதும் பால் வின்னர்தான். எதிராளியை நிம்மதியாக விடக்கூடாது என்பது என் கொள்கை.

திடீரென்று தோற்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கோல். என் ஆள் ஓரத்துக்குப் பந்தைப் பிடுங்க ஓடுவான். அவன் விட்டுப்போன இடத்தில் எதிரணி ஆள் ஒருத்தன் முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி நிற்பான். இத்தனை சரியாக மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் முன்னால் அனுப்புகிற மனுஷன் அவர்.

சந்தேகம் தங்கை மேல் விழுந்தது. ஞாயிறு மதியம் டீயைக் கொண்டுவந்து வைக்கும்போது அவள் கண் என் லேப்டாப் பக்கம் போகும். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷனோடு பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பேச்சுச் சத்தமே கேட்காததைப் பிறகுதான் கவனித்தேன். என் திட்டத்தைப் பார்த்து அவருக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்று முடிவுகட்டினேன்.

ஒரு ஞாயிறு பொறி வைத்தேன். ஆங்கரை வைத்து ஒரு பொய்த் திட்டம் போட்டு, லேப்டாப்பை மேசையில் திறந்து வைத்துவிட்டு, கட்டுமாவடி மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பால் வின்னருக்கு மாற்றினேன். தங்கை பார்த்துச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை ஏமாந்திருக்க வேண்டும். ஏமாறவில்லை. அதே ஓட்டை, அதே கோல். கடைசி நேரத்து மாற்றம்கூடத் தெரிந்திருக்கிறதே! லேப்டாப்பின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுத்த ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. வைஃபை அணைந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆட்டத்துக்குள் திரும்பினேன். எதிரணி மேலாளர் இணைப்பில் இல்லை என்று திரையில் வந்தது. அறந்தாங்கியில் கரண்ட் போனால் கத்தாரில் எப்படி இணைப்பு அறும்?

உள்ளே இருந்து தங்கையின் குரல். "அண்ணே, ஒன் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு என்ன? சீக்கிரம் சொல்லுண்ணே!"

சொன்னேன். எதிரணி மேலாளர் உடனே திரும்பி வந்துவிட்டார்.

எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மாப்பிள்ளையின் பழைய லேப்டாப். அதில் என் அணி எதிர்ப்பக்கம் நின்றது.

"நீயா?"

"நான்தான். ஆட்டம் ஓடுது, அப்புறம் பேசு."

"எப்பலேருந்து?"

"அவருக்கு ஷிப்ட் மாறுனதுலேருந்து. ஞாயித்துக்கெழமையும் டூட்டி. அதான் எங்கிட்ட ஒப்படைச்சாரு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தங்கச்சியாச்சேன்னு விட்டுக்குடுத்து ஆடுவே. இல்லாட்டி, இவகிட்டயா தோத்தோம்னு லேப்டாப்ப மூடி வச்சுருவே."

"என் லேப்டாப்ப எட்டிப் பாத்தியா இல்லியா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அத எதுக்குப் பாக்கணும்? பந்து அங்கிட்டுப் போனா ஒன் ஆளு அங்கிட்டு ஓடுறான், இங்கிட்டு வந்தா இங்கிட்டு ஓடுறான். நடுவுல பஸ்ஸே போகலாம். ஓரத்துல ஒருத்தன நிப்பாட்டி அவன இழுப்பேன். இன்னொருத்தன உள்ள விடுவேன். அம்புட்டுத்தான்."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நெசந்தான் மச்சான். நான் ஆடுனா நீங்கதான ஜெயிப்பீங்க?" என்றார். அதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. துரத்துகிறவனைத் தனியாக விட்டால் அவன் பின்னால் வாசல் திறந்து கிடக்கும். அதனால் ஆளுக்கு ஒரு வேலை வைத்து இரண்டு பேரை நிறுத்தினேன். ஒருத்தன் துரத்துவான். மற்றவன் ஆங்கர், என்ன நடந்தாலும் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பான். ஓரத் தடுப்பாட்டக்காரர்கள் ஏறிப்போனாலும் அவன் போகமாட்டான். அடுத்த ஞாயிறு, கூடத்தில் நானும் தங்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினோம். அவள் என் ஆளை ஓரத்துக்கு இழுத்து இழுத்துப் பார்த்தாள். உள்ளே நுழைந்தவனை ஆங்கர் ஒவ்வொரு முறையும் மறித்தான். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

தங்கை என்னை உற்றுப் பார்த்தாள். "யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?"

"யாரும் இல்ல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"நீயா?"

சாயங்காலம் மாப்பிள்ளைக்கு டூட்டி முடிகிற நேரம் பார்த்து அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. இந்த முறை பேச்சுச் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. "நெசத்தச் சொல்லுங்க, நீங்கதான அண்ணனுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?" என்று கத்தாருக்கு வீடியோ காலில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.